கரையாத மருந்து

உப்பும் வெல்லமும் கரைவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, உலகத்துப் பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீருக்கு மசிவதில்லை என்ற உண்மை எளிதில் மறந்துபோகிறது. எண்ணெய் மசிவதில்லை. மெழுகு மசிவதில்லை. மஞ்சள் தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சிறிது நேரம் தம்ளர் முழுவதும் மஞ்சளாக இருக்கும். பிறகு பார்த்தால் தூள் அடியில் போய்ப் படுத்துக் கொண்டிருக்கும். கரைந்தது போலத் தோன்றியதெல்லாம் வெறும் கலக்கல்தான்.

சமையலறையில் இது சின்ன விஷயம். வைத்தியத்திலோ உயிர் போகும் விஷயம். நாம் விழுங்குகிற மருந்து எதுவானாலும் வயிற்றிலும் குடலிலும் இருக்கிற நீரில் அது முதலில் கரைந்தாக வேண்டும். கரைந்தால்தான் குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேரும். கரையாத மருந்து, சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிடைக்காமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவனைப் போல, உள்ளே போகாமலே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். மருந்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தால் என்ன? சாப்பிட்டவனுக்கு அது சாப்பிடாததற்குச் சமம்தான்.

கரையாததை எப்படிக் கரைப்பது, அல்லது கரைக்காமலே எப்படி உள்ளே அனுப்புவது என்ற கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை நான் திருப்பூரிலிருந்து தொடங்கப் போகிறேன். பனியன் ஊருக்கும் மருந்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது, தாயாதி உறவு போல நெருக்கமான, அதே சமயம் கொஞ்சம் கசப்பான உறவு.

திருப்பூரில் நெடுங்காலமாகப் பருத்தி நூலுக்கே மதிப்பு. பருத்திக்குப் போடுகிற சாயம் பெரும்பாலும் தண்ணீரில் நன்றாகக் கரைகிற சாயம். அதற்கு உப்பும் சோடாவும் சேர்த்து நூலோடு பிணைத்துவிடுகிறார்கள். ஆனால் பாலியெஸ்டர் துணிக்கு இந்த வித்தை பலிப்பதில்லை. அந்த இழை தண்ணீரையே உள்ளே விடாது. அதற்குள் புகக்கூடிய சாயமோ தண்ணீரில் கரையாது. கரைகிற சாயம் உள்ளே போகாது. உள்ளே போகிற சாயம் கரையாது! இந்தச் சங்கடத்துக்குச் சாயத் தொழில் கண்டுபிடித்த வழி மிகவும் அழகானது. சாயத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கி அரைக்கிறார்கள். அந்த நுண்பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்கச் சோப்புப் போன்ற ஒரு துணைப் பொருளைச் சேர்க்கிறார்கள். பிறகு மூடிய இயந்திரத்தில், அழுத்தத்தோடு, சுமார் 130 டிகிரி சூட்டில் துணியோடு சேர்த்து வேகவைக்கிறார்கள். ஒவ்வொரு கணமும் சாயத்தில் ஒரு துளி மட்டும் கரைகிறது. கரைந்த துளியை இழை உடனே விழுங்கிவிடுகிறது. அந்த இடத்துக்கு அடுத்த துளி கரைந்து வருகிறது.

சாயப் பட்டறையில் தலைமுடி நரைத்த ஒரு மாஸ்டரிடம் இதைப் பற்றி ஒரு முறை பேசிக்கொண்டிருந்தேன். “தண்ணியில கரையறத நூல்ல ஏத்தறது ஒரு பெரிய காரியமில்லீங்க. கரையாதத உள்ள அனுப்போணும், அதுதானுங்க வேலை” என்றார். மருந்து செய்கிற விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் பாடுபட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டதாகவே எனக்குப் பட்டது. பாலியெஸ்டர் இழை இருக்கிற இடத்தில் மனிதனுடைய குடலை வைத்துப் பாருங்கள். சாயம் இருக்கிற இடத்தில் மாத்திரையை வையுங்கள். கதை ஒன்றுதான்.

இது வெறும் உவமை அல்ல. நவீன மருந்துகளில் முதல் பெரிய வெற்றி ஒன்று, உண்மையிலேயே ஒரு சாயப் பட்டறையிலிருந்துதான் பிறந்தது.

ஜெர்மனியில் பேயர் என்ற சாயக் கம்பெனி இருந்தது. அப்போது அது ஐ.ஜி. ஃபார்பென் என்ற பெரிய கூட்டு நிறுவனத்தின் ஓர் அங்கம். சில சாயங்கள் கிருமிகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன என்பது முன்பே தெரிந்திருந்தது. நூலைப் பிடிக்கிற சாயம் கிருமியையும் பிடித்துக் கொல்லாதா என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1932-ஆம் ஆண்டு ஜோசப் கிளாரெர், ஃபிரிட்ஸ் மீட்ஷ் என்ற இரண்டு ரஸாயன நிபுணர்கள் செக்கச் செவேலென்று ஒரு சாயத்தைச் செய்து கொடுத்தார்கள். கெர்ஹார்ட் டோமாக் என்ற டாக்டர் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொடிய கிருமியை ஊசி வழியாக ஏற்றப்பட்டுச் சாக வேண்டிய எலிகள் பிழைத்து ஓடின. 1935-இல் அவர் முடிவை வெளியிட்டார். மருந்துக்கு ப்ரான்டோசில் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு டோமாக்கின் சொந்த மகள் கையில் ஊசி குத்தி, விஷம் ஏறி, கையையே எடுத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தபோது, தகப்பனார் தம் சாயத்தை நம்பினார். பெண் பிழைத்தாள், கையும் பிழைத்தது. 1939-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹிட்லர் ஆட்சி அதை வாங்கவிடவில்லை. 1947-இல்தான் பதக்கம் கைக்கு வந்தது, பணம் வரவில்லை.

இதற்கிடையில் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தச் சாயம் கண்ணாடிக் குழாயில் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்வதில்லை, உடம்புக்குள் போனால் மட்டும் கொல்கிறதே, ஏன் என்று அங்கே யோசித்தார்கள். 1935 முடிவதற்குள் விடை கிடைத்தது. சாயம் உடம்புக்குள் இரண்டாக உடைகிறது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கிற பாலம் ஒன்று அதன் நடுவில் இருக்கிறது. அந்த அஸோ பாலம் அறுந்தால், ஒரு பக்கம் நிறமில்லாத ஒரு வெள்ளைப் பொடி விடுபடுகிறது. அதுதான் ஸல்பனிலமைடு. நோயைத் தீர்த்தது சிவப்பு அல்ல, சிவப்புக்குள் ஒளிந்திருந்த வெள்ளை! வியன்னாவில் பால் கெல்மோ என்பவர் 1908-லேயே அந்த வெள்ளைப் பொடியைச் செய்துவிட்டார். அதன் மீது யாருக்கும் உரிமை இல்லை. எந்தக் கம்பெனியும் செய்யலாம், விற்கலாம்.

அஸோ என்ற சொல் திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1990-களின் நடுவில் ஜெர்மனி சில அஸோ சாயங்களுக்குத் தடை விதித்தபோது ஏற்றுமதியாளர் பலருக்குத் தூக்கம் போயிற்று. ‘அஸோ ஃப்ரீ’ என்ற சான்றிதழ் இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது என்ற நிலை வந்தது. தடைக்குக் காரணம் என்ன தெரியுமா? அதே பாலம்தான். சில சாயங்களில் அந்தப் பாலம் அறுந்தால் விடுபடுவது மருந்து அல்ல, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள். ஒரு சாயம் உடைந்து குழந்தையைக் காப்பாற்றுகிறது. இன்னொரு சாயம் உடைந்து தொழிலாளியைக் கொல்கிறது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் நல்ல நிறம் என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஸல்பனிலமைடு உலகமெங்கும் பரவியது. 1936 முடிவில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன் ஒருவர் இந்த வகை மருந்தால் பிழைத்த செய்தி பத்திரிகைகளில் வந்ததும் மருந்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. மாத்திரையாகவும் பொடியாகவும் விற்றார்கள். அங்கேதான் நம்முடைய பழைய சங்கடம் தலைகாட்டியது. குழந்தைகளால் மாத்திரையை விழுங்க முடியவில்லை; இனிப்பான டானிக்காக வேண்டும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழெட்டு கிராமுக்கு மேல் இந்தப் பொடி கரைவதில்லை. தேவையான அளவு மருந்தைத் தண்ணீரில் கொடுப்பதென்றால் குழந்தைக்குச் சொம்பு சொம்பாகப் புகட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் மாஸென்கில் என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அதன் தலைமை ரஸாயன நிபுணர் ஹெரால்டு வாட்கின்ஸ் 1937-இல் ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தார். ஸல்பனிலமைடு அதில் தாராளமாகக் கரைந்தது. திரவமோ நிறமற்றது, கொழகொழப்பானது, தித்திப்பானது. ராஸ்பெரிப் பழத்தின் வாசனையைச் சேர்த்தார்கள். நிறம் சரியா, மணம் சரியா, சுவை சரியா என்று பரிசோதித்தார்கள். மூன்றும் சரியாக இருந்தன. நாலாவதாக ஒரு கேள்வி உண்டு: குடித்தவன் பிழைப்பானா? அதை மட்டும் எந்தப் பிராணியிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த நாட்டில் அன்று சட்டமும் இல்லை. அந்தத் திரவத்துக்குப் பெயர் டைஎதிலீன் கிளைகால்.

இந்தப் பெயரும் சாய உலகத்துக்கு அந்நியமல்ல. சாயத்தைக் கரைக்கவும், அச்சு மை சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்கவும், இன்னும் பல ஆலைக் காரியங்களுக்கும் பயன்படுகிற பொருள்தான் அது. ஆலையில் அது நல்ல வேலைக்காரன். உடம்புக்குள் போனால் வேறொரு அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழித்துவிடுகிறது. முதலில் வாந்தி; பிறகு வயிற்று வலி; பிறகு சிறுநீர் நின்றுவிடும். அதற்குப் பிறகு டாக்டர் செய்யக்கூடியது அதிகமில்லை.

240 காலன் டானிக் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். அக்டோபர் மாதம் ஓக்லஹோமா மாநிலத்து டல்ஸா நகரத்திலிருந்து சாவுச் செய்தி வரத் தொடங்கியது. அரசாங்கத்தின் மருந்து இலாகா தன்னுடைய 239 ஆய்வாளர்கள், ரஸாயன நிபுணர்களில் ஏறக்குறைய எல்லோரையும் தெருத் தெருவாக அனுப்பிப் புட்டிகளைத் தேடச் செய்தது. 234 காலனுக்கு மேல் மீட்டுவிட்டார்கள். மிச்சம் ஆறு காலனுக்கும் குறைவு. நம் வீட்டுக் கணக்கில் சுமார் இரண்டு குடம். அந்த இரண்டு குடம் நூறு பேருக்கு மேல் கொன்றது. அவர்களில் பலர் குழந்தைகள்.

புட்டிகளைப் பறிமுதல் செய்ய அதிகாரிகள் சொன்ன சட்டக் காரணம்தான் எல்லாவற்றையும்விட விசித்திரம். எலிக்ஸிர் என்று எழுதினால் அதில் சாராயம் இருக்க வேண்டும். இதில் சாராயம் இல்லை. ஆகவே பெயர் பொய் என்பது குற்றச்சாட்டு! விஷம் வைத்தது குற்றமாக இல்லை. பெயர் பிசகியதுதான் குற்றம். எதிர்பாராத விளைவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற பொருள்படக் கம்பெனியின் தலைவர் அறிக்கை விட்டார். வாட்கின்ஸோ தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு, 1938 ஜூனில், புது மருந்து எதுவானாலும் அது ஆபத்தில்லாதது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. அந்த டானிக்கின் எந்தப் பகுதி விஷம் என்று சிகாகோ சர்வகலாசாலையில் பிராணிகளை வைத்துச் சோதித்தபோது, ஃபிரான்ஸிஸ் கெல்ஸி என்ற மாணவி கூட இருந்து உதவினார். 1960-இல் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை அமெரிக்காவுக்குள் விட மறுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனமாகப் பிறக்காமல் காத்த பெண்மணி அவர்தான்.

நம் நாட்டில் கலப்படக் கொயினாவைப் பற்றிய புகார்கள் மலிந்ததால், கர்னல் சோப்ரா தலைமையில் 1930-இல் ஒரு குழு அமைந்தது. அதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. ஆகவே, சட்டம் இல்லாததால் நடந்தது என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

விஞ்ஞானம் அதற்குள் நல்ல வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பொருள் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது நீருக்குத் தெரியும் அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. கற்கண்டைவிடப் பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைவது எதனால்? பொருள் ஒன்றுதான், பரப்பு வேறு. 1897-லேயே நாயெஸ், விட்னி என்ற இரண்டு அமெரிக்கர்கள் கரையும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் எழுதிவிட்டார்கள். படர்தாமரைக்குக் கொடுக்கிற கிரிஸியோஃபுல்வின் என்ற மருந்து தண்ணீருக்குக் கொஞ்சமும் மசியாதது. 1960-களின் தொடக்கத்தில் அதை மிக நுணுக்கமாக அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள்; ஏறக்குறையப் பாதி அளவே போதுமானதாக இருந்தது. நெய்ப்பசை மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தால் அது இன்னும் நன்றாக ரத்தத்தில் சேருகிறது என்பதையும் அதே சமயத்தில் கண்டார்கள். 1961-இல் ஜப்பானில் ஸெகிகுச்சி, ஓபி என்ற இருவர் ஒரு ஸல்பா மருந்தை, எளிதில் கரைகிற யூரியாவோடு சேர்த்து உருக்கி ஆறவிட்டுப் பொடித்தார்கள். யூரியா கரையும்போது அதனூடே இருந்த மருந்தும் நுண்துகளாக நீரில் விடுபட்டது.

சித்த வைத்தியர்கள் கல்வத்தில் மருந்தைச் சாமக் கணக்கில் அரைப்பதும், தேனிலோ நெய்யிலோ பாலிலோ குழைத்து அனுபானமாகக் கொடுப்பதும் நாம் அறிந்ததே. இதையெல்லாம் பார்த்துவிட்டு, நம் முன்னோர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று மேடை ஏறிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மஞ்சளின் சத்தான குர்குமின் தண்ணீரில் கரையாது. எப்படியோ உள்ளே போனாலும் உடம்பு அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடும். 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அதைக் காண்பதே அரிதாக இருந்தது. மிளகின் காரமான பைப்பரின் 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு உயர்ந்தது. மிளகு மஞ்சளைக் கரைப்பதில்லை. உடம்பு அதை வெளியேற்றுகிற வேகத்தைத்தான் தடுக்கிறது. பாலிலுள்ள கொழுப்புத்தான் கரைக்கிற வேலையைக் கொஞ்சம் செய்கிறது. ஈரோட்டுச் சந்தைக்கு மஞ்சள் வண்டி போகிற எங்கள் பக்கத்து வீடுகளில், இருமலுக்கு மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பாலைக் கொடுப்பார்கள். மஞ்சள் எந்த நோயைத் தீர்க்கும் என்பது வேறு கேள்வி. உள்ளே அனுப்புகிற வழி மட்டும் பாட்டிகளுக்குப் பிடிபட்டிருந்தது.

ஆகவே, அரைக்கலாம், கொழுப்பில் கரைக்கலாம், துணைப் பொருளோடு உருக்கலாம், துணைக்கு ஒரு மருந்தை அனுப்பலாம். இத்தனை வழிகள் திறந்திருந்தும் 1937-இன் பழைய விபத்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

1972-இல் சென்னையில், அமைதிப்படுத்துவதற்காகக் கொடுத்த திரவ மருந்தில் இந்த டைஎதிலீன் கிளைகால் கலந்திருந்ததால், பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1986 ஜனவரி, பிப்ரவரியில் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிஸரின் என்ற பெயரில் இதே விஷம் கொடுக்கப்பட்டு 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லென்டின் விசாரித்து, அதிகாரிகள் முதல் அமைச்சர்கள் வரை யாரையும் விட்டுவைக்காமல் அறிக்கை எழுதினார். 1998-இல் டில்லிப் பக்கத்தில் இருமல் மருந்தால் 33 குழந்தைகள் இறந்தார்கள். 2022-இல் ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சிறு நாட்டில் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். நம் நாட்டில் ஹரியானாவில் தயாரான நான்கு மருந்துகளைக் குறித்து உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா ஜில்லாவில், மறுபடியும் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சளி மருந்து, நம்முடைய காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரானது. தமிழ்நாட்டு அரசின் பரிசோதனைக் கூடம் அதைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் இருந்தது. கரைப்பான்களில் இந்தப் பொருளுக்கு விதித்திருக்கும் எல்லை 0.1 சதவீதம். மருந்துப் புட்டியில் ஏறக்குறையப் பாதி விஷம்!

மருந்தில் கரைப்பான் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. அந்தச் சளி மருந்தில் பாராஸிடமால் இருந்தது. ஒரு மில்லி தண்ணீரில் சுமார் 14 மில்லிகிராம் பாராஸிடமால்தான் கரையும். ஒரு டீஸ்பூனில், அதாவது 5 மில்லியில், 70 மில்லிகிராம். குழந்தை டானிக் பலவற்றில் ஒரு டீஸ்பூனுக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். மிச்சத்தை யார் கரைப்பது? அதற்காகத்தான் புரொபிலீன் கிளைகால், கிளிஸரின் போன்ற தித்திப்பான, கொழகொழப்பான, ஆபத்தில்லாத கரைப்பான்களைச் சேர்க்கிறார்கள். அவற்றிலும் மருந்துக்கென்று சுத்தம் செய்தது ஒரு விலை. ஆலைக்கென்று செய்தது அதைவிடக் குறைந்த விலை. டைஎதிலீன் கிளைகாலோ இவற்றின் இரட்டைப் பிறவி போல இருக்கும். நிறம், மணம், சுவை எதைக் கொண்டும் பிரித்துச் சொல்ல முடியாது. பீப்பாயின் மேல் ஒட்டிய சீட்டை நம்புகிறவன் ஏமாறுவான். சில ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்கிறவன் தெரிந்தே கண்ணை மூடிக்கொள்வான்.

வாட்கின்ஸுக்காவது அறியாமை என்று ஒரு சாக்கு இருந்தது. அவருக்கு முன்னால் நூறு பிணங்கள் கிடக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. கரைப்பானில் விஷம் இருக்கிறதா என்று பரிசோதிக்க வழி உண்டு. கட்டுப்படியாகாத செலவும் அல்ல. வாங்குகிற ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்தே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விதி புத்தகத்தில் இருக்கிறது. சோதனை பதிவேட்டில் இருக்கிறது. பீப்பாய் மட்டும் சோதிக்கப்படாமலே இருந்துவிடுகிறது.

எங்கள் நொய்யல் ஆற்றை நினைத்தால் இது எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகப் போட்ட உப்பெல்லாம் கரைந்து ஆற்றில் போயிற்று. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு உதவாத நீரைத் தேக்கி வைக்கிற இடமாக மாறியது. சாய நிறத்தை எல்லோரும் பார்த்தார்கள், பேசினார்கள். நிலத்தைக் கெடுத்த உப்பை யாரும் பார்க்கவில்லை, அது கரைந்திருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவு நீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்து மறுபடியும் பயன்படுத்துகிற ஏற்பாடு கண்டிப்பாக அமலுக்கு வந்தது. உப்பையும் பிரித்து எடுத்து மறுபடியும் தொட்டியில் போடுகிறார்கள். செலவு மிகுதிதான். ஆனால் முடியாது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த காரியம், கட்டாயம் வந்ததும் முடிந்தது.

மருந்துக்கும் அப்படி ஒரு வழி இல்லாமல் இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை கொடுக்கிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் சில நொடிகளில் பூவாக உதிர்ந்துவிடும். அதைக் குழந்தையின் வாயில் ஊற்றிவிடலாம். கிளைகாலும் இல்லை, பீப்பாயும் இல்லை. குழந்தைகளுக்கு முடிந்த இடங்களில் எல்லாம் இந்த மாதிரி உதிரும் மாத்திரைகளே ஏற்றவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, நுணுக்கி உதிர்த்துக் கொடுக்கிற இந்த வழி, சாயப் பட்டறை மாஸ்டருக்குப் பழகிய வழிதான்.

சளிக்கும் இருமலுக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த மருந்துகளே வேண்டாம், ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதார இலாகா அறிவுறுத்தியது. பெரும்பாலான சளி தானாகவே போய்விடும் என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இரவெல்லாம் இருமுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற தாய்க்கு, சும்மா இருங்கள் என்று சொல்கிற டாக்டரைவிட ஒரு புட்டியை எழுதிக் கொடுக்கிற டாக்டர்தான் பெரியவராகத் தெரிகிறார். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். தித்திப்பாக இருக்கிறது என்று நிம்மதியோடு ஊட்டுவாள். அவளால் செய்யக்கூடிய பரிசோதனை அவ்வளவுதான். மீதிப் பரிசோதனையை அவளுக்காகச் செய்யச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்கிற உரிமை அவளுக்கும் நமக்கும் இருக்கிறது. அதைப் புட்டி வாங்கும்போது கேட்க வேண்டும்.